அவளுக்கு இப்ப இன்னா மணி

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். உரக்கடை ரசீதின் பின்பக்கத்தில் தவிர வேறெங்கும் அதிகம் எழுதியதில்லை. முன்னே சொல்ல வேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, போன மாதம் நீ ஊருக்கு வந்தபோது கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றினாய். உள்ளே காசு மாதிரி வட்டமாக இருந்த ஒரு செல்லை எடுத்துப் போட்டாய். அது பாகூரில் கிடைக்காமல், வெயிலில் புதுச்சேரி வரை போய் வேறொன்று வாங்கி வந்து மாட்டினாய். "இனிமே கரண்டு போனாலும் மணி மாறாதுப்பா" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டாய். நானும் தலையை ஆட்டினேன்.

அந்தப் பழைய செல்லில் ஒரு கோளாறும் இல்லை. கரண்டு போனதால் மணி மாறவும் இல்லை. அதை மாற்றியவன் நான்தான். உன்னிடம் நேரில் சொல்ல வாய் வராமல்தான் இந்த நோட்டை எடுத்தேன். பாப்பா, இதில் உன் பங்கும் இருக்கிறது. உனக்குத் தெரியாமல் நடந்தவையும் சில உண்டு. அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன்.

உங்கள் அம்மாவுக்குக் கண் போனது ஒரே நாளில் இல்லை. சர்க்கரை உள்ளுக்குள் செய்த வேலை அது. முதலில் அரிசியில் கல் தெரியவில்லை என்றாள். அப்புறம் பஸ்ஸின் பலகை தெரியவில்லை. நான் அதையெல்லாம் வயசு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு விஷயம் புரிந்தது, பாப்பா, உன் முடியால்தான்.

நீ அங்கே பிரான்சில் முடியைத் தோள் வரைக்கும் வெட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையிடம் நாங்கள் வாங்கி வைத்திருந்த கைபேசியில் வந்தாய். எனக்கே திக்கென்று இருந்தது. அம்மா இப்போது என்ன பாட்டுப் பாடப்போகிறாளோ என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒன்றுமே சொல்லவில்லை. என்ன சமைத்தாய், மாப்பிள்ளைக்கு டிப்போவில் எந்த ஷிப்டு, குளிருக்குக் காதை மூடிக்கொள் என்று எல்லாம் பேசினாள். மறுநாள் நீ எனக்குத் தனியாகப் போன் செய்து, "அம்மாவுக்கு எம்மேல கோவமாப்பா? முடியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே" என்றாய். அன்று சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே நான் சும்மா கேட்பது போல, "பாப்பா முடிய பாத்தியா?" என்றேன்.

"அதுக்கின்னா? எப்பவும் போல பின்னித் தொங்கவுட்டுகினு லட்சணமாத்தான் இருந்தா" என்றாள்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி, கண்ணில் ஊசி எல்லாம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பெரிதாக இருப்பதைக் கிட்டே வைத்துக்கொண்டால் தெரியும், கைபேசி மாதிரிச் சின்னத் திரையில் தெரியாது என்றும் சொன்னார். தம்பிக்கு மட்டும் சொன்னோம். உனக்குச் சொல்ல அம்மா விடவில்லை. "வாயும் வயிறுமா இருக்கறவகிட்ட எதையும் சொல்லி வெக்காதீங்க" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. அதனால் நீ போனில் வரும்போதெல்லாம் அவள் திரையைப் பார்த்துச் சிரிப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பேன்.

தை மாதம் உனக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு உன்னை இங்கே அழைத்து வர எல்லா ஏற்பாடும் பேசியிருந்தோம். ரத்தக் கொதிப்பு இருக்கிறது, விமானம் ஏறக்கூடாது என்று உன் டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் எழுந்து, "அவ வராட்டி இன்னா, வளையல் போவும்" என்றாள். வில்லியனூரில் தெரிந்தவர் ஒருவர் அங்கே கிளம்பினார். அவரிடம் இருபத்தொரு கண்ணாடி வளையலையும், கொழுந்து வேப்பங்குச்சியை வளைத்து நூல் சுற்றிய காப்பு ஒன்றையும் கொடுத்தனுப்பினாள். அங்கே வேப்பமரத்துக்கு எங்கே போவாள் என்று அதைத்தான் முதலில் பொட்டலம் கட்டினாள். அங்கே மாப்பிள்ளை உனக்கு வளையல் போட வேண்டும். இங்கே சொந்தக்காரப் பெண்கள் கூடி நலங்கு பாடி, சித்ரான்னம் கிண்டி, திரையில் பார்த்து வாழ்த்த வேண்டும். இதுதான் ஏற்பாடு.

இதற்காகவே தம்பி தன் ஆபீசில் கழித்துவிட்ட கம்ப்யூட்டரையும் பெரிய திரையையும் பொங்கலுக்குக் கொண்டுவந்தான். எழுத்தையெல்லாம் அம்மா கண்ணுக்காகப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கினான். கேபிள்காரர் வந்து நெட் கொடுத்தார். வீடியோவில் பேசுகிற ஆப்பில் என் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் என்னை ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான். நன்றாக வந்தது. அம்மாவையும் வந்து உட்காரச் சொன்னேன். "வேணாங்க. மொத மொத அவளத்தான் பாக்கணும். நல்ல நேரத்துல பாத்துக்கறேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இனி நான் செய்த வேலைக்கு வருகிறேன்.

உங்கள் அம்மா ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கேட்கிற ஒரே கேள்வி, "அவளுக்கு இப்ப இன்னா மணி?" என்பதுதான். குளிர்காலத்தில் நம் மணியிலிருந்து நாலரை மணி நேரம் கழிக்க வேண்டும், கோடையில் மூன்றரை. எனக்கு நெல் மூட்டைக் கணக்கு வரும். இந்தக் கணக்கு வராது. ஒருமுறை கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்று உனக்குப் போன் போட்டேனே, ஞாபகமா? நீ அரைத் தூக்கத்தில் எழுந்து, "யாருக்குப்பா இன்னா ஆச்சு?" என்று அழ ஆரம்பித்துவிட்டாய். அதிலிருந்து எனக்குக் கூட்டலும் பயம், கழித்தலும் பயம்.

கம்ப்யூட்டர் வந்ததும் அதன் கீழ் மூலையில் மணி பெரிதாகத் தெரிந்தது. அம்மாவே கிட்டே போய்ப் படிக்க முடிந்தது. வீட்டில் அவளாகப் படிக்க முடிந்த ஒரே கடிகாரம் அது. நம் மணி தெரிந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? அது கறவைக்காரர் சத்தத்திலேயே தெரிந்துவிடும். இதையே பாப்பாவின் மணியாக வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

நம் வீட்டில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது ஒரு குற்றமா? நீங்கள் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். நீங்கள் படித்து முடித்து வெளியூர் போன பிறகும் அது பத்து நிமிஷம் முன்னாலேயே ஓடுகிறது. எங்களுக்கும் மனசுக்குள் பத்தைக் கழித்துக்கொள்வது பழகிவிட்டது. நம் பக்கத்தில் எந்த வீட்டில்தான் சரியான மணி ஓடுகிறது? கடிகாரம் நம் வசதிக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மணிமேல் அமுக்கி, தேடித்தேடி மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே நம் மணிக்குத் திரும்பிவிட்டது. மறுபடி மாற்றினேன், மறுபடி வந்து நின்றது. தொழுவத்து மாடு மாதிரி. அப்புறம் பார்த்தால் மேலே ஒரு சுவிட்ச், மணியைத் தானாக வைத்துக்கொள்வதற்கு. அதை அணைத்தேன். பிறகு பேசாமல் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, "இதான் அவ மணி. இனிமே என்ன கேக்காத" என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு மூக்கைத் திரையோடு வைத்துப் படித்தாள். "எட்டு அஞ்சி. இப்பத்தான் டீ போட்டிருப்பா" என்றாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தபோது பெரிய காரியம் செய்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

வளைகாப்புக்கு வியாழக்கிழமை குறித்திருந்தோம். பத்தேமுக்காலிலிருந்து பதினொன்றேமுக்கால் வரை நல்ல நேரம். இதில் உங்கள் அத்தை ஒரு வாரம் முன்பே ஒரு சண்டை போட்டாள். என் அக்காவுக்குப் பஞ்சாங்கம் மனப்பாடம் என்பது உங்களுக்குத் தெரியும்.

"டேய், இங்க பத்தேமுக்கான்னா அவளுக்கு ஆறேகாலு. வியாழக்கெழம ஆறுலேந்து ஏழர எமகண்டம்டா. புள்ளத்தாச்சிக்கு எமகண்டத்துல வளையல் போடுவியா நீ?"

"எமகண்டம் சூரியன வெச்சிதானக்கா? அங்க இந்த மாசத்துல சூரியன் வரவே எட்டு மணி ஆவுதாம். சூரியனே வரல, எமகண்டம் எங்கேந்து வரும்?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் மடக்குற. இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பல" என்று வெற்றிலையை மடித்தாள். அதோடு விட்டாள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை வந்தது. அறுவடை நேரம், ஆனாலும் பெண்கள் முப்பது பேருக்குக் குறையாமல் வந்துவிட்டார்கள். கூடத்தில் பாய் விரித்து, புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர் என்று ஏழு சாதமும் வாழையிலை மூடி வைத்திருந்தது. திரைக்கு நேரே ஒரு நாற்காலி போட்டு, அம்மா அரக்குப் பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். நான் பத்தேகாலுக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். ஆப்பைத் திறந்தேன். அது என்னை மறந்துபோயிருந்தது. பெயரும் பாஸ்வேர்டும் மறுபடி கேட்டது. கொடுத்தேன். ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது.

தம்பி, உனக்கு என் பொத்தான் போனில் போட்டேன். நீ ஆபீசுக்கு வெளியே வந்து நின்று பேசினாய். பெண்கள் பேச்சில் காது கேட்காமல் நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

"இன்னாப்பா சொல்லுது?"

எழுத்துக்கூட்டிப் படித்தேன். "ஏதோ தப்பாப் போச்சாம். கொஞ்ச நேரம் கழிச்சி வரணுமாம்."

"இன்னா தப்புன்னு சொல்லுதா?"

"அத சொல்ல மாட்டேங்குது."

பின்னாலிருந்து அக்கா, "ஒன் கல்யாணத்துல ஒன் மாமனார் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு ஒக்காந்தாரே, அந்த மாதிரி. இன்னா கொறன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல" என்றாள்.

"எங்கப்பாவ வுட்டுடுங்க அண்ணி" என்றாள் அம்மா, திரும்பாமலே.

நீ பொறுமையாகத்தான் கேட்டாய். "பாஸ்வேர்டு சரியா போட்டியாப்பா? நெல்லு பேரு, மொத எழுத்து பெருசு. பின்னால மோட்டார் ஹெச்பி."

"பொன்னி, ஏழரை."

கூடம் முழுக்கச் சிரிப்பு. "ஏழரைய போயி பூட்டுக்கு வெச்சிகீறானுங்க. தெறக்குமாடி அது? சனி புடிச்சி ஆட்டாது?" என்றாள் அக்கா. (பயப்படாதீர்கள், அந்தப் பாஸ்வேர்டை அப்புறம் மாற்றியாகிவிட்டது.)

"ஓரத்துல கண்ணு மாதிரி ஒண்ணு இருக்கும், அத அமுக்கு. நீ போட்ட எழுத்து தெரியும்" என்றாய். அமுக்கினேன். எழுத்து சரியாகத்தான் இருந்தது. மோடத்தை அணைத்துப் போடச் சொன்னாய், போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னாய், அதையும் செய்தேன். மறுபடி வட்டம் சுற்றியது, மறுபடி அதே வரி. சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியது. பத்தைக் கழித்தால் பதினொன்று. நல்ல நேரத்தில் கால் மணி போய்விட்டது.

அப்போதுதான் நீ அதைக் கேட்டாய், தம்பி. "அப்பா, கம்ப்யூட்டர்ல மணி சரியா இருக்கா பாரு. மணி தப்பா இருந்தா சில சமயம் உள்ள வுடாது."

நான் பார்த்தேன். ஆறரை. அங்கே பாப்பாவுக்கு அப்போது ஆறரைதான்.

"நிமிஷம் பெசகாம இருக்குடா" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது பொய் இல்லை. நீ எந்த மணியைக் கேட்கிறாய் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. நான் வைத்த கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாய், இருக்கிறது என்றேன். நீ அதை விட்டுவிட்டு ஆப்பையே எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாமா என்று வேறு வழியில் போய்விட்டாய்.

அதற்குள் அக்காவின் கைபேசி அடித்தது. பாப்பா, அது நீ. பட்டுப் புடவை கட்டி, இருட்டில் எழுந்து குளித்து, மாப்பிள்ளை வளையல் தட்டோடு உட்கார்ந்திருக்க, எங்களைக் காணோம் என்று கூப்பிட்டாய். அக்கா வீடியோவைப் போட்டாள். பெண்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். "ஐய, இதுலயே நல்லாத் தெரியுது. நேரம் போவுதும்மா, இதுலயே போட்டுடலாம்" என்று யாரோ சொன்னார்கள். நல்ல மனசில் சொன்னதுதான். அக்கா கைபேசியைக் கொண்டுவந்து அம்மா கையில் வைத்தாள்.

அம்மா அதை ஒருமுறை கிட்டே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்தாள். வழக்கமாக இந்த இடத்தில்தான் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

"இதுல வேணாம் அண்ணி. இதுல எனக்கு ஒண்ணும் தெரியாது."

"இன்னாம்மா தெரியாது?" என்று நீ கேட்டாய். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஒம் மொகம் தெரியாதுடி. செவப்பா ஏதோ அசையும், அவ்ளோதான். கொரல வெச்சிதான் பேசிகினு இருந்தேன்."

 நலங்குப் பாட்டுக்காரி மடியிலிருந்த நோட்டை மூடினாள். உன் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "எத்தினி நாளாம்மா?" என்றாய்.

"நீ அதெல்லாம் இப்பக் கேக்காத. ஒங்கப்பாரு பொட்டியத் தெறந்துகினு இருக்காரு. தெறந்துடுவாரு. செத்த நேரம் இரு."

தெறந்துடுவாரு என்று அவள் சொன்னாளே, அது எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று எழுதத் தெரியவில்லை. மறுபடி பெயர், மறுபடி பாஸ்வேர்டு. அவசரத்தில் பொன்னியில் ஒரு எழுத்து குறைந்துபோனது. அழித்துப் போட்டேன். வட்டம் சுற்றியது. அதே வரி.

அக்காவுக்குச் சும்மா இருக்க வராது. அதுவும் ஊரே வாயடைத்துக் கிடக்கும்போது அவளுக்குத் தொண்டை அரிக்கும். என் பின்னால் வந்து நின்று திரையை உற்றுப் பார்த்தாள்.

"தோ பாருடா. பொட்டியிலயே ஆறு அம்பது ஆவுது. எமகண்டம். நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டியா? எமகண்டத்துல தெறன்னா எப்பிடித் தெறக்கும் அது?"

"அத்த, இன்னா சொன்ன?" ஸ்பீக்கரில் தம்பியின் குரல். "எதுல ஆறு அம்பது?"

"ஒங்கப்பன் பொட்டியிலதான்டா. இங்க ஊரு ஒலகமே பதினொண்ணேகாலுக்கு வந்துட்டுது, இதுக்கு இன்னும் பொழுதே விடியல. தூங்குது."

 தம்பி, நீ மெதுவாக, "அப்பா. மணி சரியா இருக்குன்னு சொன்னியே" என்றாய்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 

"யாருப்பா மாத்துனது?"

முப்பது பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். அவளுக்காகத்தான் வைத்தேன் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். கண் தெரியாது என்று இப்போதுதான் ஊரறிய வாய்விட்டுச் சொன்னவள். அந்த நேரத்தில், இவள் ஓயாமல் மணி கேட்டாள், அதற்காக மாற்றினேன் என்று சொன்னால் பழி அவள் மடியில் போய் விழும். நான் சொல்லாமல் போனதற்குப் பாதிக் காரணம் அது. மீதிப் பாதி வெட்கம். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"நேத்து கரண்டு போயிட்டு வந்துச்சுடா. அதுல மாறியிருக்கும்" என்றேன்.

"செல்லு வீக்காகிட்டு இருக்கும்ப்பா. சரி வுடு. மணி மேல வலது பக்கத்து பொத்தான அமுக்கு" என்று நீ வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனாய். எனக்கு அந்த வழி தெரியும். தெரியாதவன் மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக் கேட்டுப் போனேன். அதே பக்கம், அதே சுவிட்ச். நான் அணைத்ததை நானே போட்டேன். ஆறு ஐம்பத்திரண்டு என்று இருந்தது கண்மூடித் திறப்பதற்குள் பதினொன்று இருபத்திரண்டு ஆனது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். வட்டம் ஒரே சுற்றுத்தான் சுற்றியது. கதவு திறந்துவிட்டது.

அடுத்து நடந்தது உங்கள் இருவருக்குமே தெரியும். ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து நீங்கள் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பாப்பா, உன் முகம் முறம் அளவுக்கு வந்தது. அழுது மூக்கு சிவந்திருந்தது. மஞ்சள் பூசியிருந்தாய். அம்மா நாற்காலியை இழுத்தாள், போதாமல் எழுந்து நின்றாள், திரைக்கு அரை முழம் கிட்டே போனாள். கையால் பின்னால் யாரையோ தள்ளிப்போகச் சொன்னாள். யாரும் மறைக்கவில்லை, வெளிச்சத்துக்காகச் செய்தாள் போலிருக்கிறது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், நாற்றங்காலில் களை பார்ப்பது மாதிரி உன்னைப் பார்த்தாள். நான் அவள் அழுவாள் என்று துண்டைத் தயாராக வைத்திருந்தேன்.

"முடிய ஏன்டி வெட்டுன?" என்றாள்.

நீ சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "நாலு மாசம் ஆச்சும்மா வெட்டி" என்றாய்.

"யாரக் கேட்டு வெட்டுன? மாசமா இருக்கறப்ப யாருனா முடி மேல கத்தி வெப்பாங்களா? பக்கத்துல இருக்கற புள்ளயாண்டானுக்கும் புத்தி இல்லியா?"

மாப்பிள்ளை பாவம், வளையல் தட்டோடு தலையைக் குனிந்துகொண்டார். இங்கே கூடமே குலுங்கியது. அக்கா, "அடியே, இவளுக்குக் கண்ணு தெரியலன்னு எவ சொன்னது?" என்று புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டு வாங்கியதற்காக நீ அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் வேப்பங்காப்பு. அப்புறம் கண்ணாடி வளையல். மாப்பிள்ளை ஒவ்வொன்றாகப் போடப்போட, அம்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். பாட்டு முடிந்ததும், "பதினெட்டுதான் இருக்குது. மூணு எங்க?" என்றாள்.

பாப்பா, நீயும் மாப்பிள்ளையும் முழித்தீர்கள். வரும் வழியில் பெட்டியில் மூன்று உடைந்ததை நீ எங்களிடம் சொல்லவே இல்லை, அம்மா மனசு கஷ்டப்படும் என்று. ஆக, மறைப்பதில் நம் வீட்டில் யாரும் குறைந்தவர் இல்லை.

"ரெட்டப்படையா வுடக் கூடாதே" என்று ஒருத்தி இழுத்தாள்.

"வேப்பங்காப்ப சேத்துக்க. பத்தொம்போது. சரியாப் போச்சு" என்றாள் அக்கா. சுவர்க் கடிகாரம் பதினொன்று ஐம்பது. பத்தைக் கழித்தால் நல்ல நேரத்துக்குள்தான்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அம்மா பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் தலையணையை எடுத்துப் போட்டுக்கொண்டு படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டே, "இன்னாங்க, அவளுக்கு இப்ப இன்னா மணி?" என்றாள். நான் தன்னால் திரையைப் பார்த்தேன். அங்கே மூன்று மணி, நம் மணி. விரலை மடக்கிக் கழித்து, "பத்தரை" என்றேன். சரியா என்று இன்னொரு தடவை கழித்துப் பார்த்தேன். அதற்குள் அவள் தூங்கிவிட்டாள். சுவிட்சைப் பற்றி அவள் அன்றும் கேட்கவில்லை, இன்றுவரை கேட்கவில்லை.

தம்பி, செல்லுக்கு ஆன அலைச்சலை மன்னித்துவிடு. பாப்பா, கண் விஷயத்தை உன்னிடம் மறைத்ததற்கு நீ என்னைத் திட்டித் தீர்த்துவிட்டாய், அது சரியாகிவிட்டது.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அம்மா தூங்கிய பிறகு நான் உள் அறைக்குப் போனேன். பாப்பா, நீ பரீட்சைக்கு எழுந்திருக்க வைத்திருந்த அலாரம் கடிகாரம் அலமாரியின் மேல் தட்டில் கிடந்தது. வட்ட முகம், பெரிய பெரிய எண். உள்ளே பழைய செல் கசிந்து பச்சை பூத்திருந்தது. வேட்டி நுனியால் சுரண்டித் துடைத்தேன். டார்ச்சு லைட்டிலிருந்து ஒரு செல்லை உருவிப் போட்டேன். டிக் டிக் என்றது. நம் மணியைப் பார்த்து, விரல் மடக்கி, கூட்டாமல் கழித்து, முள்ளைத் திருப்பினேன். அம்மா உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே வருகிற உயரத்தில், கம்ப்யூட்டர் மேசையில் வைத்தேன். இரண்டடி நகர்ந்தவன் திரும்பி வந்து, அதை எடுத்து, பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன்.